மாடியா, தாடியா?

யுத்தம் நடந்த ஆண்டுகளில் இராஜபாளையத்து வாசகசாலைக்கு ஒரே ஒரு தினசரிதான் வரும். அதன் குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்ப இருவர் இருந்தோம்: நானும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தாவாயிருந்த தாடிக்காரர் ஒருவரும். பஜனை மடத்தில் மார்கழி தோறும் பாசுரங்களுக்குப் பொருள் சொல்லும் ஆசனம் என்னுடையது. அதன்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

அன்றைய குறிப்பு, ‘திருமகள் உறையுமிடம், மூன்றெழுத்து.’ நான் தயங்காமல் ‘மார்பு’ என்று மையால் எழுதினேன். அவர் என் கையிலிருந்து தாளை இழுத்து, எழுத்துகளின் மேலேயே ‘தாமரை’ என்று கிறுக்கினார்.

“தாமரை அம்மைக்குப் பொறந்த வீடு வே. பெருமாள் மார்புதான் புகுந்த வீடு. கல்யாணமானவ எங்க இருப்பா?” என்றேன்.

“எங்க வீட்டு அம்மா வருசத்துல பாதி நாள் பொறந்த வீட்டுலதான் இருக்கா, அண்ணாச்சி.”

வாசகசாலையே சிரித்தது.

முதலெழுத்திலிருந்து கீழே இறங்கிய சொல்லாவது வழக்கைத் தீர்த்திருக்கலாம். அதன் குறிப்போ, ‘இது இருந்தால் பெரிய மனிதர் என்பர்.’ மாடி என்றேன் நான். அவர் தம் மோவாயைத் தடவிக்கொண்டு தாடி என்றார்.

“தாடி இருந்தா பெரிய மனுசனா? அப்ப வத்திராயிருப்புச் சந்தைக்கு வார கிடாயும் பெரிய மனுசன்தான்.”

அவர் முகம் கறுத்தது. “நாளைக்கு விடை வரும். நீங்க சொன்னது தப்புன்னா, மார்கழியில அந்த ஆசனத்த எனக்கு விட்டுரணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். உறையுமிடம் எதுவென்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மறுநாள் தாமரை என்றும் தாடி என்றும் அச்சாகி வந்தது. பட்டணத்தில் உட்கார்ந்து கட்டம் போட்டவன் எந்தக் கோயிலில் எந்தத் திருமேனியைக் கண்டானோ!

“வெளையாட்டுப் பேச்சு, விடுங்க சாமி” என்று மடத்துப் பெரியவர்கள் வந்து கெஞ்சினார்கள்.

“கட்டம் போட்டவன்கிட்டயே அர்த்தமும் கேட்டுக்கிடுங்க” என்று கதவைச் சாத்தினேன்.

அந்த மார்கழியில் மடத்தில் அவர் குரல் ஒலித்தது. நான் விடியுமுன் புறப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் மலைப்படிகளில் அமர்ந்து, கேட்பாரின்றிப் பாசுரங்களைச் சொன்னேன். தை பிறந்ததும் ஆசனத்தைத் திருப்பித் தருவதாக ஆள் அனுப்பினார். அவர் உட்கார்ந்த இடம் எனக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அதன்பின் எதிரெதிரே வந்தாலும் பேசியதில்லை.

சில ஆண்டுகளில் அவர் இறந்தார். தெருவே துட்டி கேட்கப் போயிற்று. நான் போகவில்லை. பெருமாள் மார்பில் வீற்றிருப்பவளை ஒரு கட்டத்துக்காகக் கீழே இறக்கியவருக்கு நான் ஏன் மாலை கொண்டு போகவேண்டும்?