கொலைகாரன் முகம் தெரிந்தவர்கள்

அறுந்த பிலிமை ஒட்டுவதே பிழைப்பு என்பதால் அவனுக்குப் பசைக்காரன் என்று பெயர். தியேட்டர்கள் பிலிமைக் கைவிட்ட பிறகும், பழைய படங்களைச் சேர்ப்பவர்கள் அவனைத் தேடி வந்தார்கள். அவன் ஒட்டிய இடம் தடவிப் பார்த்தாலும் தெரியாது. இதில் அவனைவிட அவன் அக்காவுக்குத்தான் பெருமை.

அன்று வந்த சேகரிப்பாளரை அக்காவுக்கு வாசலிலேயே பிடிக்கவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்காமல் வேலை கொடுப்பவரை நம்பக்கூடாது என்பது அவள் கட்சி. கொண்டுவந்தது ஒரு மௌனப்படம், கொலைக் கதை. இந்த ஒரு பிரதிதான் மிச்சமாம். பார்த்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் கொலைகாரன் யார் என்று சொல்ல ஆளில்லை. அதனாலேயே இதன்மேல் பலருக்குக் கண்.

வேலை முடியும்வரை நகரமாட்டேன் என்று அவர் மேசையருகே உட்கார்ந்துகொண்டார். கடைசிச் சுருள் நடுவில் அழுகியிருந்தது. வெட்டாவிட்டால் மிச்சத்துக்கும் பரவும். அந்தக் காலத்து பிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் வெட்டிய துண்டுகளை முற்றத்துத் தண்ணீர் வாளியில் போடுவது தம்பியின் வழக்கம். அன்றும் போட்டுவிட்டுத் திரும்பினால், சேகரிப்பாளர் வழிமறித்து நின்றார்.

"ஒரு துண்டைக்கூட விலைக்கு வாங்க ஆள் இருக்குன்னு உனக்குத் தெரியாதா? கொலைகாரன் முகத்தை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?"

சேகரிப்பாளர்கள் வட்டத்தில் ஒருவர் திருட்டு என்று சொன்னால் போதும், நாளைக்கு ஒருவரும் இந்தக் கதவைத் தட்டமாட்டார்கள். சத்தம் கேட்டு அக்கா முற்றத்துக்கு வந்தாள்.

அவர் வாளிக்குள் கைவிட்டுத் துழாவினார். பழுப்புக் கூழ்தான் வந்தது. அதையும் முகர்ந்து பார்த்தார். வேண்டுமென்றே படத்தைக் கழுவிவிட்டதாகச் சொன்னார்.

தம்பி அவரை மேசைக்கு அழைத்துவந்து, சுருளிலேயே வெட்டாமல் விட்டிருந்த நாலைந்து கட்டங்களை விளக்கடியில் காட்டினான். ஓரம் அரித்திருந்தாலும் கொலைகாரன் முகம் முழுதாக இருந்தது. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

"நான் பார்த்தேன். மத்தியானம் உட்கார்ந்தபடியே கண் அசந்தீங்களே, அப்போ," என்றாள் அக்கா.

கொலைகாரன் ஆணா பெண்ணா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பொய் என்று தெரிந்த தம்பி தலை குனிந்துகொண்டான்.

சேகரிப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சுபோனா அப்புறம் இதுல என்ன இருக்கு?"

"என் தம்பியைத் திருடன்னு சொன்ன வாய்தானே இது? முதல்ல அவன்கிட்ட பேசுங்க. என் வாயைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்."

அவர் தம்பி பக்கம் திரும்பி, தப்பாகப் பேசிவிட்டேன் என்றார். பல்லைப் பிடுங்கினாற்போலத்தான் வந்தது. தம்பி பசைக் குப்பியைத் திறந்தான்.

அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இன்னும் நம்பாத அவள், அவர் கையை.