மாட்டுத் தரகரின் இத்தாலி வண்டி

நான் சொல்லும் நகைச்சுவைக்கு எவன் சிரிக்கிறானோ அவன் நல்லவன் என்பது என் வாழ்நாள் கொள்கை. இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு நான் ஏமாந்த கதைகளை எழுதினால் தனிப் புத்தகமாகிவிடும். சீட்டுப் பிடித்து ஊரைவிட்டுப் போனவன், எரியாத சோலார் விளக்கை விற்றவன், உத்திரமேரூர் கடைத்தெருவில் என் கடைக்கு எதிரிலேயே இன்னொரு ஜெராக்ஸ் கடை போட்டவன், எல்லாருமே என் பேச்சைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள்தான். என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. இவளை நம்பலாமா என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சந்தேகம்கூட வந்தது. இந்தக் கொள்கையால் என் கைப்பணம் போனதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. மாமாவின் வண்டி போனதுதான் பழகவில்லை.

மாமா என்றால் என் அம்மாவோடு பிறந்தவர். காவாந்தண்டலத்தில் மாட்டுத் தரகர். அவருடைய வண்டி மாட்டுக் கொட்டகையில், கறவை மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். சிவப்பு டேங்க், ஒல்லியான உடம்பு, குனிந்து பிடிக்கிற தாழ்வான ஹேண்டில்பார். பந்தயத்துக்கென்று இத்தாலியில் செய்த மோட்டார் சைக்கிள். உதைத்துக் கிளப்புகிற கிக்கர் இடது பக்கம் இருக்கும்; புதிதாக ஏறுகிறவன் வலது பக்கத்தில் காற்றை உதைத்துவிட்டு அசடு வழிவான். கம்பெனி பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள். அதன் முன் சக்கரத்தில் ஒரு கயிற்றைக் கோத்துக் கொட்டகைத் தூணில் கட்டியிருப்பார் மாமா. திருட்டுக்குப் பயந்து அல்ல. கொட்டகையில் நிற்கிற எதையும் கட்டாமல் விட அவருக்குக் கை வராது.

இந்த வண்டி மாமாவிடம் வந்ததே மாட்டு வியாபாரத்தில்தான். பக்கத்து ஊர் ரைஸ்மில் முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது அது. வந்த கொஞ்ச நாளிலேயே ஏரிக்கரை வளைவில் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். இந்தச் சனியன் வீட்டில் இருந்தால் நான் சாப்பிடமாட்டேன் என்று அவன் அம்மா படுத்துவிட்டார். மில் வண்டிக்கு மாடு பிடித்துக் கொடுக்கப் போயிருந்த மாமா, பேச்சோடு பேச்சாக, "மாட்டுக் காசுக்குப் பதிலா இத்தக் குடுத்துடுங்க மொதலாளி" என்றிருக்கிறார். ஒரு ஜோடி வண்டி மாட்டைக் கொடுத்துவிட்டு இத்தாலிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், இந்தத் தாலுகாவில் என்ன, இத்தாலியிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதன் பிறகு சந்தைக்கெல்லாம் அதில்தான் போனார். வேட்டியை மடித்துக் கட்டி, தோள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஹேண்டில்பார்மேல் குப்புறப் படுத்தமாதிரி அவர் போகிற காட்சியை நான் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாட்டின் பல்லைப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே கிளம்பிவிட்டது போலிருக்கும். ஆனால் ஒரு தொல்லை. அந்த வண்டியின் சத்தத்துக்குச் சந்தையில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. முதல் வாரம் ஒரு காளை போய் வாழைக்காய் மண்டிக்குள் நுழைந்துவிட்டது. மறுவாரத்திலிருந்து சந்தை கண்ணில் தெரிந்ததுமே மாமா வண்டியை அணைத்துவிட்டு, மிச்ச தூரத்தைத் தள்ளிக்கொண்டே போவார். உலகத்தின் வேகமான வண்டிகளில் ஒன்றை மாட்டுக்குப் பயந்து தள்ளிக்கொண்டு போகிறார் என்று ஊரே சிரித்தது. "மாட்டுக்கு மருவாத குடுக்கறேன், உனுக்கு இன்னா நோவுது?" என்பார்.

தொழிலில் மாமாவுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உழவுக்கு, வண்டிக்கு, பாலுக்கு என்று வாங்குகிறவனுக்குத்தான் தரகு பேசுவார். அடிமாட்டுக்குப் பேசமாட்டார். பேசுகிறவர்களை அவர் குறை சொன்னதும் இல்லை. "அது அவன் பொயப்பு, இது என் பொயப்பு" என்பதோடு சரி. இடுப்பு எலும்பு தேய்ந்து, வண்டிமேல் காலைத் தூக்கிப் போட முடியாமல் போனபோது அவர் என்னைக் கூப்பிட்டு விட்டதும் அந்தக் கண்டிப்போடுதான்.

"மாப்ள, நிக்கிற மாடு கெட்டுப்பூடும். இத்த வித்துடலாம். ஆனா ஓட்டறவனா பாரு. பிரிச்சி விக்கறவனுக்குக் குடுத்துடாத. அப்பிடி குடுக்கறதுக்கு இது கொட்டாயிலயே துரு புடிச்சிக்கினு கெடக்கட்டும்."

"எங்கிட்ட விட்டுடு மாமா. நான் ஆளப் பாத்தாலே சொல்லிடுவேன்" என்றேன். இதைச் சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது.

படம் எடுத்து இணையத்தில் போட்டேன். பின்னணியில் மாடு நின்றதால் பாதிப் பேர் மாட்டின் விலையைக் கேட்டார்கள். மீதிப் பேரில் இரண்டு பேர் நேரில் வந்தார்கள்.

முதலில் வந்தவர் ஏனாத்தூர்ப் பக்கம் இருப்பவர், ஒரு கல்லூரியில் ஒர்க்‌ஷாப் வாத்தியார். ஒல்லியாக, பேருந்தில் வந்து இறங்கினார். வந்தவர் காபி வேண்டாம் என்றார். என் நகைச்சுவையும் வேண்டாம் என்று முகம் சொன்னது. பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து எஞ்சினுக்கு அடியில் நீட்டி நீட்டிப் பார்த்தார். எஞ்சின் நம்பரையும் ஃபிரேம் நம்பரையும் துடைத்துப் படம் எடுத்தார். கார்புரேட்டர், விளக்கு, ஸ்பீடோமீட்டர், சக்கரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். மாமா சாணி அள்ளுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றார்.

"வண்டிக்குப் பல்லு பாக்கறாரு மாமா" என்று நான் உரக்கச் சொன்னேன். மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை.

"ஓட்டிப் பாருங்க சார்" என்றார் மாமா.

"வேணாங்க. ரொம்ப நாளா நின்ன வண்டி. ஆயில் கட்டியாயிருக்கும். இப்ப ஒதைக்கவே கூடாது. எறக்கி, தொடச்சு, அப்புறம்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டும் வரை மாமா பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் துண்டை உதறினார்.

"உழவு மாடு வாங்கறவன் ஏர்ல பூட்டிப் பாக்காம வாங்குவானா மாப்ள? கறிக்கு வாங்கறவன்தான் தொட இன்னா தேறும், நெஞ்சு இன்னா தேறும்னு தனித்தனியா பாப்பான். இவன் பிரிக்கறவன்."

எனக்கும் அதில் முழுச் சம்மதம். சிரிக்காத ஆள் வேறு. மறுநாள் அவர் போன் செய்து, வாங்கிக்கொள்கிறேன் என்றபோது, வண்டி பேசி முடித்தாகிவிட்டது என்று நான் கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்து வந்தவன் சென்னைப் பையன். தாடி, அந்த வெயிலிலும் தோல் ஜாக்கெட். கொட்டகையில் காலை வைத்தவுடனே, "ப்ரோ, மாடும் சேத்துதான் விலையா?" என்றான். நான் சொல்லவேண்டிய நகைச்சுவையை அவனே சொல்லிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறையப் பாசம். நான் சொன்னதற்கெல்லாம் தொடையைத் தட்டிச் சிரித்தான். கையோடு கொண்டுவந்திருந்த பெட்ரோலை ஊற்றி, கிக்கர் இடது பக்கம் என்று தெரிந்து, உதை உதையென்று உதைத்தான். ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி உதைத்தான். சட்டென்று வண்டி இருமியது. கொட்டகையெல்லாம் புகை. பிறகு அந்தப் பழைய சத்தம் கிளம்பி மாடு முளையைப் பிடுங்கப் பார்த்தது. ஏரிக்கரையில் ஏறி அவன் போய் வருகிற வரை மாமா தெருவில் நின்றார். வண்டி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் சத்தத்தை வைத்தே, "தோ வளைவுல கீறான்… தோ மதகாண்ட கீறான்…" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

திரும்பி வந்தவன் கையைப் பிடித்து அதன்மேல் துண்டைப் போட்டார் மாமா. சந்தையில் விலை பேசுகிற முறை அதுதான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேரம் நடக்கும், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. பையனுக்கு ஒரே குஷி. "அங்கிள், வேற லெவல்!" என்று மற்றக் கையால் செல்ஃபி எடுத்துக்கொண்டான். என்ன விலைக்கு முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியை மினி லாரியில் ஏற்றும்போது, "ஓட்டிக்கினே இரு நைனா. நிக்க வெக்காத" என்றார் மாமா. "தெனமும் ஓட்டுவேன் அங்கிள்" என்றான் அவன்.

சில மாதம் கழித்து, கடையில் வேலை இல்லாத ஒரு மத்தியானம் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு காபி கடையின் படம் வந்தது. அதன் சுவரில் சிவப்பு டேங்க் ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். டேங்கின் ஓரத்தில், மாமாவின் கறவை மாடு கொம்பால் முட்டிய பள்ளம். அதன்மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கு வேறு. அந்தத் தாடிக்காரனின் பக்கத்தைத் தேடினேன். சீட், சக்கரங்கள், ஹேண்டில்பார், ஸ்பீடோமீட்டர், ஒவ்வொன்றும் தனிப்படம், ஒவ்வொன்றின் கீழும் விற்றுவிட்டது என்ற அறிவிப்பு. போன் போட்டேன். என் நம்பரைத் தடுத்து வைத்திருந்தான். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

யாரிடமாவது சொல்லி அழவேண்டும் போலிருந்தது. அழுவதற்கும் எனக்குக் கிடைத்தது ஏனாத்தூர் வாத்தியார்தான். போனில் நான் சொல்லி முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தவர், "எஞ்சினும் ஃபிரேமும் எங்கிட்ட இருக்கு. வந்து பாருங்க" என்றார்.

போனேன். வீட்டின் பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே செய்தித்தாள் விரித்து எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார். பிரித்தது என்றால் விற்பதற்கு அல்ல, சேர்ப்பதற்கு. தாடிக்காரன் துண்டு துண்டாக விற்கிறான் என்று தெரிந்ததுமே முக்கியமான இரண்டையும் ஓடிப்போய் வாங்கிவிட்டாராம். சிலிண்டரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். உட்சுவரில் நீளமாக ஒரு கீறல். "அன்னிக்கு ஆயில் மாத்தாம ஒதைச்சு ஓட்டினதுல வந்தது" என்றார். மாமா தெருவில் நின்று, தோ வளைவுல கீறான் என்று கேட்டு மகிழ்ந்தாரே, அந்தச் சத்தத்தில் விழுந்த கீறல். மற்றப் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடவேண்டும், வருடக் கணக்காகும், நடுவில் ஏதாவது கிடைக்காமலும் போகலாம் என்றார். அவர் பேச்சில் என்மேல் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராகக் காவாந்தண்டலம் போனேன். மாமா மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பீடிகை ஒன்றும் வாயில் வரவில்லை. வழக்கம்போல ஒரு நகைச்சுவை வந்தது, அதை விழுங்கினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். உதறுகிற கை நின்றது.

"அடிக்குப் பூடுச்சா" என்றார். கேள்வியாக இல்லை.

வண்டி நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். எஞ்சின் பத்திரமாக இருப்பதையும், வாத்தியாரைப் பற்றி நாங்கள் இருவரும் போட்ட கணக்கு தப்பு என்பதையும் சொன்னேன். சிலிண்டர் கீறலையும் மறைக்கவில்லை. அவர் மிச்ச வைக்கோலை மாட்டின் முன்னால் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"கார் வெச்சி இட்டுக்கினு போறேன் மாமா. நாளிக்கே போலாம். எஞ்சின ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு வந்துடு, மனசு ஆறும்" என்றேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடட்டும், அப்பால வரேன்."