சூளைக்குட்டை விரால்

பிரிக்பீல்ட்ஸில் அப்போது செங்கல் சூளைகள் ஒன்றிரண்டுதான் மிச்சம். களிமண் தோண்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கிக் குட்டைகளாகிவிட்டன. நாங்கள் குடியிருந்த ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் இருந்த குட்டையில் ஒரு விரால் இருந்தது. முழங்கை நீளம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் முழுக் கை நீளம் என்று உள்ளதையே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர். வேலை இல்லாத நாளெல்லாம் மூங்கில் தூண்டிலோடு அந்தக் குட்டையில்தான் கிடப்பார். விரால் புழுவைத் தின்னும், சில நாள் முள்ளையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும். கல்யாண வீட்டில் அவமானப்படுத்திய சம்பந்தியைப் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசுவார்.

“இன்னிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சிச்சு புள்ள.”

“மீன் சிரிக்குமாங்க?”

“நீ பாக்கல.”

பார்க்காமல் என்ன? பானை கழுவ நான் தினமும் போகிற குட்டைதானே. சோற்றுப் பருக்கையைச் சுரண்டிப் போட்டால் பொடிமீன்கள் கூடும். அவற்றைத் தின்ன அந்த விரால் என் காலடிக்கே வரும். இவரோ எதிர்க்கரையில் மரத்தடி ஆழத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் இருக்கும்போது சொன்னேன்: “என்னங்க, அது நான் பானை கழுவுற பக்கந்தான் வருது. புழுவெல்லாம் வேணாம், தவளைக்குஞ்சைக் கோத்துப் போடுங்க.”

“கேட்டீங்களாய்யா! பானை கழுவுறவ எனக்குத் தூண்டில் போடச் சொல்லிக் குடுக்கிறா!”

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் இவர், “நீ அதைப் பிடிச்சிட்டா, இவங்க ரெண்டு பேர் முன்னாடியும் என் வாயாலேயே சொல்றேன், நீதான் கெட்டிக்காரின்னு” என்றார்.

அன்று முதல் எனக்கு மீன் பெரிதில்லை. அந்த வார்த்தைதான் வேண்டும்.

ஆனால் தூண்டில் கைக்குக் கிடைத்தால்தானே? அந்த வருஷம் இவர் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். வீட்டில் கவிச்சி நின்றது. தூண்டில் கூரையில் ஏறியது. இதை விட்டால் வேறு சமயம் வராது என்று இறக்கிவிட்டேன். விரதம் வாய்க்குத்தானே, கைக்கு இல்லையே? இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இவர் வேலைக்குப் போனதும் குட்டைக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பருக்கையைச் சுரண்டிப் போட்டுத் தவளைக்குஞ்சை இறக்கினேன். இந்த இடத்தை நிதானமாகத்தான் எழுதுவேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், மீனும் அவசரப்பட்டு வரவில்லை. முதலில் பொடிமீன்கள் சிதறின. பிறகு தண்ணீர் லேசாகப் புடைத்தது. அப்புறம் நான் இடுப்பளவு தண்ணீரில் இருந்தேன்.

“விட்டுடு ஆத்தா! உன்னையே இழுத்துட்டுப் போயிரும்!” என்று அக்கா கத்தினாள்.

“நான் போனாலும் போறேன், இதை விடமாட்டேன்! இடுப்பைப் பிடி அக்கா!”

அவள் என்னை இழுக்க, நான் அதை இழுக்க, மூன்று பேரும் கரையில் விழுந்தோம். நான் மீன் மேலேயே படுத்துக்கொண்டேன். அக்கா தன் வீட்டுக்காரரின் ஈரக் கால்சட்டையை எடுத்து அதன் ஒரு காலுக்குள் மீனைத் தலையோடு நுழைத்துச் சுருட்டினாள். வால் மட்டும் வெளியே நீட்டி அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. “ஏண்டி, உங்க வீட்ல காவடி விரதமாச்சே? இதை என்ன பண்ணப் போற?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சமைக்க முடியாது. அவளுக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் நம்புவார்கள்? விரால் லேசில் சாகாத மீன். பின்கட்டில் இருந்த பெரிய தண்ணீர்த் தாழியில் விட்டுப் பலகை போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன்.

இவர் வேலை முடிந்து வந்து குளித்து, திருநீறு பூசி, தாழிக்குள் துள்ளுகிற சத்தம் கேட்டுப் பலகையை விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது வேற மீனு.”

“அந்த மீனுதாங்க.”

“அது இன்னும் பெரிசு.”

தைப்பூசம் முடிந்து இடும்பன் பூசை போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் கவிச்சி. அதுவரை நாங்கள் பூசணிக்காய்ச் சாம்பார் சாப்பிட, மீனுக்கு நான் தவளை பிடித்துப் போட்டேன். விரத வீட்டில் அது ஒன்றுதான் கொழுத்தது. வேறு மீன் என்று சொன்னவர் தினமும் சாமி கும்பிட்டுவிட்டு நேராகத் தாழிக்குத்தான் வருவார். “சாப்பிட்டிச்சா?” என்று கேட்பார். “யாரு?” என்பேன். பலகையை மூடிவிட்டுப் போய்விடுவார்.

காவடி நல்லபடியாக இறங்கியது. இடும்பன் பூசையும் ஆனது. விராலை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அந்தக் கூட்டாளிகள் இரண்டு பேரையும் நானே சொல்லி அழைத்திருந்தேன். இலை போட்டு, சோறு போட்டு, குழம்புச் சட்டியோடு வந்தேன். இவர் நெஞ்சை நிமிர்த்தி, “பாத்தீங்களாய்யா, நாங்க பிடிச்ச விரால்” என்றார்.

கரண்டி நின்றுவிட்டது.

“யாருங்க பிடிச்சது?”

“ஊத்து புள்ள, சோறு ஆறுது.”

“ஆறட்டும்.”

கூட்டாளிகளில் ஒருவர் இவருடைய காவடிக்குக் கூடவே விரதம் இருந்தவர். சட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “அண்ணே, யாருன்னு சொல்லித் தொலைங்கண்ணே! பருப்பு தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு.”

இவர் இலையைப் பார்த்துக்கொண்டு, “அவதான் பிடிச்சா” என்றார்.

“அப்புறம்?”

“கெட்டிக்காரிதான். ஊத்து.”

ஊற்றினேன். தாராளமாகவே ஊற்றினேன். எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் இவர் இலைக்குத்தான் போகும். துண்டுகளைக் கையால் புரட்டிப் பார்த்துவிட்டு, “தலை எங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பிடிச்சவங்களுக்கு.”

அவர்கள் எழுந்து கை கழுவிய பிறகு உட்கார்ந்தேன். விரால் தலையில் முள் அதிகம், நிதானமாகத்தான் சாப்பிட வேண்டும். இவர் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.