கீழே இறங்காத கண்

இந்த ஊரில் நோயாளிகள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் வேலை செய்கிறேன். முகத்துக்கு முன்னால் ஒரு பேனாவைப் பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வேன். பேனா கீழே இறங்கும்போது சிலருடைய கண் பாதியில் நின்றுவிடும். உடனே, இந்த ஊர் வழக்கப்படி செல்லமாக "சாரி, லவ்" என்பார்கள், ஏதோ என் பேனாவை உடைத்துவிட்டதைப் போல. எங்கள் கடலோர ஊரான திரேஸ்புரத்தில் டாக்டர் திட்டுவார், நோயாளி முறைப்பார். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் கண் தாமதமாகவாவது கீழே போய்ச் சேரும். அதைப் போலவே தோன்றும் வேறொரு நோயில் மேலும் கீழும் பார்ப்பதுதான் முதலில் கெடுகிறது. ஆள் தடுக்காமலே பின்பக்கம் விழுகிறார். அதைக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

என் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அப்பா சங்கு குளித்தவர். கம்ப்ரசர் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கி, கடலடி மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடிப்பார். நான் பட்டம் வாங்கி வந்த அன்று, எழுத்து தெரியாததால் அதைத் தடவிப் பார்த்து, "நல்ல காயிதமா இருக்குளா" என்றார். அந்த அப்பா கொஞ்ச நாளாக வாசற்படியில் மல்லாந்து விழுந்துகொண்டிருந்தார். சோற்றைத் தட்டுக்கு வெளியே பிசைந்தார். குடித்திருக்கிறார் என்று தெருவில் பேசினார்கள். உள்ளூர் டாக்டர் இது பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கை நடுங்கவும் இல்லை, மாத்திரை கேட்கவும் இல்லை.

அப்பாவின் தம்பி அந்தோணிச் சித்தப்பாவும் சங்கு குளிப்பவர். இது கடலில் வாங்கிய காற்று, உடம்பிலேயே தங்கிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தவனுக்குக் கைகால் மரத்தால், எங்கள் ஆட்கள் அவனை மறுபடி அதே ஆழத்துக்கு இறக்கிப் பிடித்துவைத்து, மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை. ஆனால் அப்படி இறக்கியவர்களில் சிலர் எழுந்து நடந்ததைச் சித்தப்பா நேரில் கண்டவர். சனிக்கிழமை காலையில் அப்பாவை வள்ளத்தில் ஏற்றிப்போய் அப்படி இறக்கப் போவதாக அம்மா வீடியோ காலில் சொன்னாள். நல்ல செய்தி சொல்லும் குரல். பின்னால் அப்பா முகச்சவரம் செய்து, புறப்படத் தயாரானவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

என் மதிய இடைவேளை அது. போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு அப்பா முன்னால் ஒரு கரண்டியைப் பிடிக்குமாறு அம்மாவிடம் சொன்னேன். "என்னய நிமிந்து பாக்கவே இந்த மனுசனுக்கு வருசக்கணக்காச்சு. இப்பக் கரண்டியப் பாக்கணுமாம்" என்று அம்மா சிரித்தாள். கண் இடமும் வலமும் போனது. கரண்டி இறங்கியது, கண் இறங்கவில்லை. கரண்டியை நேராக வைத்து, அவர் அதையே பார்த்திருக்க, மோவாயைப் பிடித்து முகத்தை மேலே தூக்கச் சொன்னேன். இப்போது கண் தானாகக் கீழே உருண்டது. கண்ணை அசைக்கும் தசையில் பழுதில்லை, மூளையின் கட்டளைதான் போய்ச் சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் முகத்தைப் பார்த்து மேலதிகாரி விசாரித்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடலில் இறக்கப் போகிறார்கள் என்றேன். கடல் குளியல் மனதுக்கு ரொம்ப நல்லது, தன் தாயாரையும் கோடைக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக அன்போடு சொன்னார். என்னிடம் இருந்த ஆங்கிலமெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏளா, அங்கன குளிருல உக்காந்துக்கிட்டு, கண்ணப் பாத்து காலுக்கு வைத்தியம் சொல்லுத. காத்து ஏறுன ஒடம்ப நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல சித்தப்பா. இந்தக் கண்ணப் பாத்திருக்கேன். அப்பாவுக்குக் கீழ பாக்க முடியாது. தண்ணிக்குள்ள காலுல குழாய் சுத்துனாக்கூடத் தெரியாது."

"அப்ப நீ மருந்தச் சொல்லு. நான் வள்ளத்த எடுக்கல."

அப்பாவைக் காப்பாற்ற, அவருக்கிருந்த ஒரே நம்பிக்கையை நானே பிடுங்க வேண்டியிருந்தது.

"மருந்து இல்ல சித்தப்பா."

அப்பாவின் குழறிய குரல் வந்தது. "காத்து இல்லியாளா?"

"இல்லப்பா."

"காத்துன்னா எறங்கிரும்" என்றார். பிறகு தம்பியிடம், "வேண்டாம்லே. அவ படிச்சிருக்கா."

அந்தக் கடைசி வார்த்தையை அப்பா வாயால் கேட்க எத்தனையோ வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். அன்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

மதுரையில் நரம்பு டாக்டரும் ஸ்கேன் எடுத்துவிட்டு நான் சொன்னதையே சொன்னார். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா இப்போது போனை ஜன்னல் கம்பியில், அப்பாவின் கண் உயரத்துக்குக் கட்டிவிடுகிறாள். திரையில் அவர் முகத்தை நான் பார்த்தால், அவருக்கு நான் எங்கேயோ குனிந்திருப்பதாகத் தெரிகிறதாம். "என்னயப் பாருளா" என்கிறார். அவரைப் பார்ப்பதாக அவருக்குத் தெரிய, போனின் உச்சியில் இருக்கும் கேமராவின் கருப்புப் புள்ளியைத்தான் நான் பார்க்க வேண்டும். அப்போது அப்பா என் கண்ணிலிருந்து விலகிவிடுகிறார். தினமும் அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறேன்.