மேட்டில் தோற்ற மோட்டார்

வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் எங்கள் கம்பெனியின் மெக்கானிக்கை 'மீட்டர் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். மீட்டர் காட்டாத எதையும் நம்பமாட்டார். காய்ச்சல் என்று லீவு கேட்டால்கூடத் தெர்மாமீட்டரைத் தேடுவார். ஆறு வருடம் சைக்கிள் மிதித்துக் கேன் போட்டு, முழங்கால் போன பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். சைக்கிள் விஷயத்தில் அவருக்கு யாரும் காது குத்த முடியாது.

கம்பெனிக்கு இருபது மின்சார சைக்கிள் வாங்க முடிவானது. இரண்டு மோட்டார்களுக்குள் போட்டி. ஒன்று பின்சக்கரத்துக்குள் இருப்பது, இன்னொன்று பெடலுக்கு நடுவில் இருப்பது. சக்கர மோட்டாரை விற்பவர் முதலாளியின் மச்சான். சமதளத்தில் சோதனை நடத்தியவரும் அவரேதான். வண்டி நிறையக் கேன்கள் இருந்தன, கேன்களில்தான் தண்ணீர் இல்லை! நிரப்பினால் சீல் வீணாகிவிடுமாம். சக்கர மோட்டார் ஜெயித்தது. ஜெயிக்காமல் என்ன செய்யும்?

அன்று மதியமே அக்கா நாலு கேன்களை நிரப்பிக் கட்டி, இரண்டு வண்டிகளையும் ஆஸ்பத்திரி மேட்டில் ஏற்றிப் பார்த்தார். நாங்கள் தினமும் நாக்குத் தள்ள ஏறும் மேடு அது. பெடல் மோட்டார், கியரைக் குறைத்ததும் சிரமமில்லாமல் ஏறியது. கிலோமீட்டருக்கு இருபத்தெட்டு வாட்-ஹவர் கரண்ட்தான் செலவு. கியரின் உதவி கிடைக்காத சக்கர மோட்டார் முக்கி முனகி, கை வைக்க முடியாதபடி சூடாகி, நாற்பத்தொன்று தின்றது. இரண்டையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அக்கா.

முதலாளி தாளை விசிறியடித்தார். "மாத்தி எழுதிக் குடும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீடே ஓடுகிறது. ஆனாலும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"போறேன் சார். ஆனா நான் எழுதினது பொய்னா, நீங்களே ஒரு தடவ மேட்டுல ஏத்திக் காட்டிட்டு அனுப்புங்க," என்றார் அக்கா.

அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். முதலாளிக்கு வீம்பு பொத்துக்கொண்டு வந்தது. பேண்டை மடித்துவிட்டு, அதே நாலு கேன்களோடு சக்கர மோட்டார் வண்டியில் ஏறினார். அக்காவைப் போல இரண்டு மடங்கு எடை அவர். பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னோக்கி உருளும் வண்டியைப் பிடித்தபடி, "யாராவது வாங்கப்பா!" என்று கத்தினார். ஓடிப்போய்த் தாங்கினோம்.

அக்கா நிதானமாக வந்து, குனிந்து வண்டியின் கரண்ட் மீட்டரைப் படித்தார். ஐம்பத்து மூன்று.

"தப்பு என் மேலதான் சார், கம்மியா எழுதிட்டேன். பேனா குடுங்க, மாத்தி எழுதித் தரேன்."