ஒன்பது மணிக்கு மூன்று அடித்த கடிகாரம்

1. கைகட்டி நின்றது

தென்காசியில் நான் கடிகார ரிப்பேர் கடை போட்டு நாலாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலகரத்தில் ஒரு வீட்டு ஹாலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். சுவரில் இருந்த பெரிய ஜெர்மன் கடிகாரம் ஒன்பது மணி காட்டியது. மூன்று அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என்ன மைதீன், ஊருக்கெல்லாம் ஒம்பது, எனக்கு மட்டும் மூணா?"

முந்தின திங்கட்கிழமை காலையில்தான் அதே ஹாலில் அதே கடிகாரத்தைச் சரிசெய்து, பன்னிரண்டு மணியையும் அடிக்கவைத்துக் காட்டி, காபி குடித்துவிட்டு வந்திருந்தேன். கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். கடிகாரக்காரனுக்குப் பதில் தெரியாதபோது சொல்லும் வார்த்தை அதுதான்.

அண்ணாச்சி ரிஜிஸ்தர் ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனவர்கள் கோயில் குளம் என்று போவார்கள். இவர் மணியடிக்கும் பழைய கடிகாரங்களின் பின்னால் போனார். குற்றாலத்தில் ஏதாவது பங்களா கைமாறுகிறது என்று காதில் விழுந்தால் போதும், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படியே ஏழு கடிகாரங்கள் சேர்ந்திருந்தன. ஏழையும் உயிர்ப்பித்தது நான்தான்.

அவர் வாய் பெரிய வாய். தென்காசி பஜாரில் அவர் நல்லவன் என்று சொன்னவன் நல்லவன், உதவாதவன் என்று சொன்னவன் கடையைக் கட்ட வேண்டியதுதான். கடையைக் கட்டினால் எனக்குப் போக்கிடம் கடையத்தில் மச்சானுடைய அரவை மில் ஒன்றுதான். மச்சான் என்னை ஏற்கெனவே "டிக்டிக்" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கீழே மாவு அரைக்க நான் தயாராக இல்லை.

2. உள்ளே குடியிருந்தவர்கள்

இளைஞர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். குற்றாலத்துக் கடிகாரம் வேறு, மற்ற ஊர்க் கடிகாரம் வேறு. சீசன் சாரலில் மாதக்கணக்காக நனைந்த சுவரில் தொங்கினால் மரப்பெட்டி ஊதிக் கதவு திறக்காது. திறந்தால் உள்ளே ஒரு குடித்தனமே இருக்கும். அண்ணாச்சியின் ஏழில் இரண்டில் பல்லி முட்டை, ஒன்றில் குளவிக்கூடு, ஒன்றில் யாரோ ஒளித்துவைத்து மறந்துபோன சுருட்டு. மெஷினைத் தனியே எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சக்கரம் சக்கரமாகப் பிரஷ் போட்டு, தேய்ந்த ஓட்டைக்குப் புஷ் என்ற பித்தளை வளையம் அடித்து, மெயின்ஸ்பிரிங்கைத் துடைத்துப் பூட்டுவேன். கடைசியில் எண்ணெய். எண்ணெய் விஷயத்தில் எனக்கு அப்போது தாராள மனசு.

அந்த ஏழில் ஆறு, ராக் வகை. முள் எந்த மணியில் இருக்கிறதோ அதைப் பார்த்து அடிப்பவை. முள்ளை எப்படித் திருப்பினாலும் குழம்பாது. ஹாலில் இருந்த பெரியது மட்டும் கவுண்ட் வீல் வகை. அதற்கு முள் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. போன தடவை மூன்று அடித்திருந்தால் இந்தத் தடவை நான்கு அடிக்கும், அவ்வளவுதான் அதன் படிப்பு. முள்ளை முன்னால் தள்ளும்போது ஒவ்வொரு மணியிலும் நிறுத்தி, அது அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்தை ஒரே தள்ளாகத் தள்ளினால் அது ஒரு மணியை விழுங்கிவிடும். பிறகு முள் ஒரு வழி, மணி ஒரு வழி.

இது அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் முள்ளைத் தொடவே மாட்டார். ஞாயிறு தோறும் குளித்து, திருநீறு பூசி, சாவி கொடுப்பார். அதோடு சரி.

3. விரல் விட்டு எண்ணியது

கடையில் பத்து நாள் மாட்டிவைத்தேன். ஒரு மணிகூடப் பிசகவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் கொண்டுபோய் மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை மதியம் அண்ணாச்சி கடைக்குள் வந்து நின்றார். தினமும் ஒன்றே கால் பஸ்ஸில் அவர் தென்காசி வந்து, ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, பிளாட்பாரத்தில் நாலு பேரிடம் பேசிவிட்டு, நாலு மணிக்கு வீடு திரும்புவார். அவருக்கு அது சந்தியாவந்தனம் மாதிரி.

காலையில் எட்டு மணிக்கு ஐந்து அடித்தது என்றார். நான் முதலில் தப்பு அடித்தது எப்போது என்று கேட்டேன்.

"நீ மாட்டுன அன்னைக்கே. மதியம் ஒரு மணிக்கு ஒழுங்கா அடிச்சுது. நாலு மணிக்கு நான் வீட்டுக்குள்ள கால் வைக்கேன், மூணு அடிக்குது."

நாளைக்கு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு, தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அன்றைக்கும் தப்பாக அடித்தால் கடிகாரம் திருநெல்வேலிக்குப் போகும், ஊரில் யார் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் விரல் விட்டு எண்ணினேன். புதன், வியாழன், வெள்ளி: மூன்று மதியம், மூன்று மணி குறைவு. அதற்கு முன், திங்கள் முதல் சனி வரை ஆறு மதியம், ஆறு மணி குறைவு. ஒரு மதியத்துக்கு ஒரு மணி வீதம் யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். கடிகாரத்துக்கு இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகத் தெரியாது. மனிதர்களுக்குத்தான் தெரியும்.

4. ஏழும் தூங்கின

திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு மேலகரம் போய் வாசலில் நின்று குரல் கொடுத்தேன். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. பெண்டுலம் ஆடவில்லை. பக்கத்துச் சுவரில் இருந்ததும் ஆடவில்லை. அண்ணாச்சியின் மனைவி கோமதியக்கா, கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருக்க, கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார், வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் தம்பி. காலைல நாலு மணிக்கு எந்திரிக்கேன். இந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்குன்னு உள்ளது. அதுலயும் ஒண்ணு அடிச்சு முடிச்சா இன்னொண்ணு, அது முடிச்சா அடுத்தது. மூணு மணி அடிச்சு ஓய மூணே கால் ஆயிருது. மனுஷி எப்படித் தூங்க?"

அண்ணாச்சி பஸ் ஏறியதும் ஏழையும் நிறுத்திவிட்டுப் படுப்பாராம். அரிசிப் பானைக்குள் ஒரு சின்ன டைம்பீஸ் வைத்திருந்தார். அதைப் பார்த்து, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏழின் முள்ளையும் ஒரே தள்ளாகத் தள்ளி, பெண்டுலங்களை ஆட்டிவிடுவார். ஆறு கடிகாரம் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெரியது மட்டும் நாள் தவறாமல் கோள் சொல்லியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவர் தூங்குவதற்கு நான் மாவு மில்லுக்குப் போவதா? அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னால் என் பிழைப்பு நிமிர்ந்துவிடும். ஆனால் அதைச் சொன்னால் இந்த அம்மாளுக்கு இனி மதியமே கிடையாது. அந்தக் கன்னத்துப் பாய்க்கோட்டைப் பார்த்தபின் எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கற்றுக்கொடுத்தேன். இரண்டில் நிறுத்துங்கள், அடிக்கட்டும். மூன்றில் நிறுத்துங்கள், அடிக்கட்டும். எண்ணிக்கை பிசகினால் உள்ளே இந்த லீவரை விரலால் தூக்கினால் அடுத்த மணியை அடிக்கும், முள்ளோடு சேரும்வரை தூக்கிக்கொண்டே இருங்கள். அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். இந்தச் சக்கரம் எதற்கு, அது ஏன் சுற்றவில்லை, ஏழும் ஏன் ஒன்றாக அடிப்பதில்லை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டார். பெண்டுலத்துக் குண்டை ஏற்றினால் வேகம், இறக்கினால் மெதுவு என்றதும், "அம்புட்டுத்தானா?" என்றார். அந்தக் குரல் எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

5. ஞாயிறு, நாலு மணி

அண்ணாச்சியோடும் இரண்டு பெரியவர்களோடும் நானும் பஸ்ஸில் போனேன். ஹாலில் நாலு நாற்காலி. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

நாலு அடித்தது. பெரியது மட்டுமல்ல, ஏழும். முதல் அடி எல்லாச் சுவரிலிருந்தும் ஒன்றாக வந்தது, இரண்டாவதும் அப்படியே. நாலாவதோடு ஏழும் ஒன்றாக ஓய்ந்தன. வந்த பெரியவர்களில் ஒருவர் தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு கை தென்காசி சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது என்றார். அதைத்தான் அடுத்த வாரம் பஜார் முழுக்கச் சொன்னார். நான் பிழைத்தேன். அந்த வாயால்தான் பிறகு முப்பது வருஷம் கடை நடத்தினேன்.

அன்றைக்கு அக்கா காபி கொண்டுவந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. டம்ளரை நீட்டியபோது மற்றவர்களுக்குக் கேட்காமல், தூக்கம் எப்படி என்று விசாரித்தேன்.

"எங்க தூங்க? ஏழையும் ஒண்ணா அடிக்க வைக்கதுக்குள்ள நாலு மணி ஆயிருது" என்றார். குரலை இன்னும் தாழ்த்தினார். "தம்பி, அந்தக் கெழக்குச் சுவர்ல உள்ளதுல எண்ணெய் ரொம்ப விட்டிருந்தீய. வழிஞ்சு தூசி அப்பிக் கெடந்துது. தொடச்சு, ஒரு சொட்டு மட்டும் வச்சிருக்கேன்."

நான் காபியைக் குடித்தேன், வேறென்ன செய்வது. அன்றிலிருந்து எந்தக் கடிகாரத்துக்கும் ஒரு சொட்டுக்கு மேல் நான் எண்ணெய் விட்டதில்லை.