ஹானர் டாலன் சொன்ன ‘வேண்டாம்’

டப்ளின் சலவைச்சாலை ஒன்றில் இருபது வருஷமாக இஸ்திரிப்பெட்டி பிடித்தவள் ஹானர் டாலன். பெண்களுக்கு ஓட்டு கேட்டு அரசாங்க அலுவலக ஜன்னலை உடைத்து, இரண்டு மாதம் சிறைச்சோறு தின்றாள். பிறகு நாட்டு விடுதலைக்காக அழுக்குத்துணிக் கூடையில் துப்பாக்கி கடத்தினாள். சோதனை போட வந்த சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டானாம். அப்பேர்ப்பட்டவளை ஒரே ஒரு ‘வேண்டாம்’ கவிழ்த்துவிட்டது.

எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் அந்த ஊரில் மரியாதை. மூன்றாம் தடவை வற்புறுத்தினால்தான் கை நீளும். வற்புறுத்தாமல் விடுகிறவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

1920இல் சலவைச்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. நாளெல்லாம் நின்று கால் வீங்கும் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் வேண்டும் என்று கோரிக்கையில் சேர்க்கத் துடித்தாள் ஹானர். கமிட்டியில் இருந்த ஆறு பேரும் துணி வண்டி ஓட்டும் ஆண்கள். அவர்கள் வேலையே உட்கார்ந்துதான். ஏழாவது இடம் காலி.

கமிட்டித் தலைவர் மாலக்கி கிரீகன் தொழிலாளர் கூட்டத்தில் கேட்டார். “மிஸஸ் டாலன், நீங்க வர்றீங்களா?”

“ஐயோ, எனக்கெதுக்குங்க அதெல்லாம்” என்றாள் ஹானர். வளர்ப்பு அப்படி.

“சரி, அவங்க வேண்டாங்கறாங்க. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.”

இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. சிறையில்கூட ஹானர் இப்படிக் குமுறியதில்லை.

கோரிக்கையை முதலாளியிடம் கொடுப்பதற்கு முதல் நாள், வேறு இடம் கிடைக்காமல் கமிட்டி அவள் சமையலறையில் கூடியது. ஆறு பேரும் மழையில் நனைந்து வந்திருந்தார்கள். அடுப்பில் கெட்டில் கொதித்தது. மேஜையில் சமையல் சோடா போட்டுச் சுட்ட சூடான ரொட்டி, வெண்ணெய்.

“டீ குடிக்கிறீங்களா, மாலக்கி?”

“சேச்சே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

“சரி.”

மற்ற ஐந்து பேரையும் கேட்டாள். ஐந்து பேரும் மரியாதையாக மறுத்தார்கள். ஹானர் தனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, ரொட்டியில் தாராளமாக வெண்ணெய் தடவி உட்கார்ந்து தின்றாள். ஆறு ஜோடிக் கண்கள் ரொட்டியோடு போய்வந்தன.

“என்னங்க இது, நாங்க சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னோம்” என்றார் மாலக்கி.

“நானும் அன்னிக்கு அப்படித்தாம்ப்பா சொன்னேன்.”

மாலக்கியின் காது சிவந்தது. “கமிட்டிக்கு வர்றீங்களா, மிஸஸ் டாலன்?”

“வர்றேன்” என்றாள் வாயில் ரொட்டியோடு. “ஸ்டூலை முதல்ல எழுதுங்க.”

அதை முதல் வரியாக எழுதிக் காட்டிய பிறகுதான் டீ ஊற்றினாள். எழுபத்தெட்டு வயதில் அவள் கண்மூடும்வரை, அந்த வீட்டில் டீ வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.